ஊட்டும் கையும் உணவின் தூய்மையும்

குழந்தை முதன்முதலாகச் சோறு உண்ணும் நாளை நம் நாடு ஒரு சடங்காகவே போற்றி வந்திருக்கிறது. அன்னப்பிராசனம் என்பது அதன் பெயர். பெரும்பாலும் ஆறாம் மாதத்தில் அது நடைபெறும். ஆறு மாதங்கள் நிறைந்தபின் தாய்ப்பாலுடன் இணை உணவையும் தொடங்க வேண்டும் என்று இன்றைய மருத்துவமும் கூறுகிறது. அந்த முதல் கவளத்தை ஊட்டுவது தாயின் கை, அல்லது பாட்டியின் கை, அல்லது தாய்மாமனின் கை. எவருடையதாயினும் அது உறவின் கை.

ஆனால் அந்தச் சடங்கு முடிந்து சில மாதங்களிலேயே வேறொரு கை குழந்தைக்கு ஊட்ட வேண்டிய காலம் இது. பெற்றோர் இருவரும் பணிக்குச் செல்லும் நகர வாழ்வில், பகற்பொழுதின் பெரும்பகுதியில் குழந்தையின் பசியை அறிபவர் உறவினர் அல்லாத ஒருவரே. உயிர்க்கொலை வேண்டாம் என்று புலாலை விலக்கிய குடும்பம், உடல் நலத்துக்கு ஏற்ற எளிய உணவையே உண்பது என்று கொண்டிருக்கும் குடும்பம், தன் கொள்கையை அந்த அயலாரிடம் எவ்வாறு ஒப்படைப்பது? எவ்வளவு கேட்கலாம்? எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும்? சிறியதாகத் தோன்றும் இக்கேள்வி, சற்று ஆராய்ந்தால், தர்மத்தின் அடிப்படையையே தொடுகிறது.

இரண்டு வாசல்கள்

புனே நகரில் வாழும் ஒரு குடும்பத்தை மனத்தில் நிறுத்திப் பார்க்கலாம். பல குடும்பங்களின் நிலையை அந்த ஒரு குடும்பம் நமக்கு உணர்த்தும்.

அது வாரகரி மரபைச் சேர்ந்த குடும்பம். பண்டரிபுரத்து விட்டலனை வழிபடும் அம்மரபில் துளசி மாலை அணிந்துகொண்டவர்கள் புலாலையும் மதுவையும் விட்டுவிடுவார்கள். ஒரு குறிப்பிட்ட குலத்தில் பிறந்ததால் வரும் வழக்கமன்று அது. உழவரும் தையற்காரரும் குயவரும் தாமே மனமுவந்து ஏற்ற விரதம். குழந்தையின் பாட்டி கழுத்தில் அந்த மாலை உண்டு. பேரன் பிறந்தபோது கிராமத்திலிருந்து வந்தவர், ஒன்றரை ஆண்டு அவனை வளர்த்துக் கொடுத்தார். ஊரில் நிலமும் முதுமையுற்ற கணவரும் காத்திருக்க, இனியும் தங்க இயலாத நிலை. தாய் வேலைக்குத் திரும்பிவிட்டாள். குழந்தைக்கு ஓர் இடம் தேட வேண்டும்.

தேடியதில் இரண்டு வாசல்கள் திறந்தன. முதலாவது, பெரிய கட்டடம் ஒன்றில் அமைந்த குழந்தைகள் காப்பகம். முகப்பிலேயே ‘தூய சைவம்’ என்று எழுதியிருந்தது. தாய் நிம்மதி அடைந்தாள். ஆனால் முன்னறிவிப்பின்றி ஒரு முற்பகலில் அவள் சென்று பார்த்தபோது, குழந்தைகள் வரிசையாகத் தொலைக்காட்சியின் முன் அமர்ந்திருந்தனர். ஒவ்வொருவர் முன்னும் கிரீம் பிஸ்கட்டுகள், உறையிலடைத்த பழச்சாறு, உருளைக்கிழங்கு சிப்ஸ். எல்லா உறைகளிலும் பச்சைப் புள்ளி இருந்தது. அறிவிப்புப் பலகை பொய் சொல்லவில்லை.

இரண்டாவது, மராட்டியர் ‘பாளணாகர்’ என்று வழங்கும் இடம். ‘தொட்டில் வீடு’ என்பது அதன் பொருள். இல்லத்தரசி ஒருவர் தம் வீட்டிலேயே ஐந்தாறு குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது. குழந்தைகள் அவரை ‘மாவ்ஷி’ என்று அழைத்தனர். அச்சொல்லுக்குத் தாயின் சகோதரி, நம் வழக்கில் பெரியம்மா அல்லது சித்தி, என்று பொருள். வீடு சிறியது, ஆனால் தூய்மையாக இருந்தது. ஒவ்வொரு குழந்தையின் டப்பாவிலும் பெயர் எழுதி ஒட்டியிருந்தது. பருப்பும் சோறும் பிசைந்து, ஒரு குழந்தையின் முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டே அவர் ஊட்டிக்கொண்டிருந்தார். குழந்தை தலையைத் திருப்பியதும் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டார், வற்புறுத்தவில்லை.

அந்த அம்மையார் கொங்கணக் கடற்கரையைச் சேர்ந்தவர். தம் வீட்டில் மீன் சமைப்பதுண்டு என்பதை அவரே முதலில் சொன்னார். “நீங்கள் அனுப்பும் டப்பாவைத் தவிர வேறெதையும் பிள்ளைக்குத் தரமாட்டேன். மீன் சமைப்பதானால், பிள்ளைகள் வீடு திரும்பிய பிறகுதான் அடுப்பில் ஏற்றுவேன். ஆனால் நான் உண்பதை மறைக்கமாட்டேன்” என்றார்.

பாட்டிக்கு மனம் ஒப்பவில்லை. மீன் வேகும் வீட்டில் தம் பேரன் உண்பதா? எந்த வாசலில் குழந்தையை விடுவது என்பதே அக்குடும்பத்தின் முன் நின்ற கேள்வி.

சாஸ்திரங்கள் காட்டும் அளவுகோல்

உணவு தூய்மையானால் உள்ளம் தூய்மையாகும் என்னும் கருத்தைச் சாந்தோக்கிய உபநிஷதம் கூறுகிறது. அங்கே வரும் ‘ஆஹாரம்’ என்ற சொல்லுக்கு ஆசாரியர்கள் இருவேறு வகையில் பொருள் கண்டனர். ஸ்ரீசங்கரர், புலன்களின் வழியே உள்ளே கொள்ளப்படுவது அனைத்தும் ஆஹாரமே என்றார். விருப்பு, வெறுப்பு, மயக்கம் ஆகியவற்றின் கறை படியாமல் கண்டும் கேட்டும் உணர்வதே அவர் கருத்தில் ஆஹாரத் தூய்மை. ஸ்ரீராமானுஜரோ உண்ணும் உணவையே கருதி, அது மூவகைக் குற்றங்களிலிருந்து விடுபட்டிருக்க வேண்டும் என்றார். உணவுப் பொருளின் இயல்பிலேயே உள்ளது ஜாதி தோஷம்; இங்கு ‘ஜாதி’ என்பது உணவின் வகையைக் குறிக்கும், மனிதரின் குலத்தை அன்று. யாரிடமிருந்து வருகிறது என்பதைப் பொறுத்தது ஆசிரய தோஷம். தூசு, மயிர் போன்ற அழுக்கு கலப்பதால் வருவது நிமித்த தோஷம்.

இந்த இரண்டு விளக்கங்களும் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல. ஒன்றை ஒன்று நிறைவு செய்பவை. இவற்றை அளவுகோலாகக் கொண்டு அந்த இரண்டு வாசல்களையும் நோக்கினால் தெளிவு பிறக்கிறது.

முதல் காப்பகத்தில் புலால் இல்லை. ஆனால் பகவத்கீதையின் பதினேழாம் அத்தியாயம் உணவை மூன்றாகப் பிரிக்கும்போது, ஆயுளையும் வலிமையையும் நலத்தையும் மகிழ்ச்சியையும் வளர்ப்பதைச் சாத்துவிகம் என்கிறது. மிகுந்த உப்பும் காரமும் கொண்டு புலன்களைத் தூண்டுவது ராஜசம். பழையதும் சுவை கெட்டதும் தாமசம். உப்பேறிய சிப்ஸும் சர்க்கரை மிகுந்த பானமும் பச்சைப் புள்ளி பெற்றவைதாம். அதனால் அவை சாத்துவிகம் ஆகிவிடா. நம் நாட்டில் உறையிட்ட உணவுகளில் இடப்பட்டு வரும் அக்குறி, உள்ளே புலாலோ முட்டையோ இல்லை என்பதை மட்டுமே சொல்கிறது. அந்த உணவு குழந்தைக்கு நல்லதா என்பதைச் சொல்வதில்லை. இரண்டு வயது நிறையும் முன் குழந்தையின் உணவில் சர்க்கரை சேர்க்க வேண்டாம் என்பது இன்றைய மருத்துவ அறிவுரை. உப்பு, சர்க்கரை, கொழுப்பு மிகுந்த தின்பண்டங்களைப் பள்ளி வளாகத்திலும் அதைச் சுற்றி ஐம்பது மீட்டருக்குள்ளும் விற்கலாகாது என்று மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020-இல் விதி வகுத்ததும் இக்காரணம் பற்றியே.

அங்கே ஸ்ரீசங்கரர் சொன்ன ஆஹாரத்தின் நிலையோ இன்னும் கவலைக்குரியது. திரையில் ஓடும் படத்தில் கண் நிலைத்திருக்க, வாய் தானாகத் திறந்து மூடுகிறது. தான் உண்பது என்ன, தன் வயிறு நிறைந்ததா என்பதைக் குழந்தை அறிவதேயில்லை. நன்றியோடும் விழிப்போடும் உண்ணும் பழக்கம் அங்கே வேரூன்றும் முன்பே வாடிவிடுகிறது. பாளணாகரிலோ உணவு தாயின் சமையலறையிலிருந்தே வருகிறது. ஊட்டுபவரின் கண் குழந்தையின் முகத்தில் இருக்கிறது.

ஊட்டுபவர் என்ன உண்கிறார்?

ஆனால் ஆசிரய தோஷம்? பாட்டியின் தயக்கம் அங்கேதான் நிற்கிறது. அந்தத் தயக்கத்தை எள்ளி நகையாடுவது தவறு. கொடுப்பவரின் மனம் உணவோடு சேர்ந்து வருகிறது என்பது நம் முன்னோர் கண்ட அனுபவ உண்மை. வெறுப்போடு பரிமாறப்பட்ட விருந்து தொண்டையில் இறங்காது. அன்போடு தந்த கூழ் அமுதாகும். இதை அறியாதவர் யார்?

ஆயினும், ஆசிரயம் என்பது கொடுப்பவரின் குணத்தைப் பற்றியதா, குலத்தைப் பற்றியதா? அவர் உள்ளத்தைப் பற்றியதா, அவர் வீட்டுச் சட்டியைப் பற்றியதா? காலப்போக்கில் பலர் முன்னதை மறந்து பின்னதை மட்டும் பிடித்துக்கொண்டனர். சமயம் சமையலறைக்குள் புகுந்துகொண்டு, ‘தொடாதே’ என்பதையே மந்திரமாக்கிக்கொண்டதைச் சுவாமி விவேகானந்தர் கடுமையாகக் கண்டித்தது இதனால்தான்.

திருவள்ளுவர் அருளுடைமைக்கு அடுத்த அதிகாரமாகப் புலால் மறுத்தலை வைத்தார். அருள் என்னும் வேரிலிருந்து கிளைப்பதே புலால் மறுத்தல் என்பதை அந்த வரிசையே உணர்த்துகிறது. வேரை வெட்டிவிட்டுக் கிளையைக் காப்பாற்ற முடியுமா? மீனின் உயிருக்கு இரங்கும் நெஞ்சம், மீன் உண்ணும் பெண்மணியை இழிவாக நோக்குமானால், அது இரங்குவது உண்மையில் எதற்கு? அக்குடும்பம் காக்க நினைப்பது அஹிம்சையையா, அல்லது தங்கள் உயர்வு என்ற எண்ணத்தையா? இந்தக் கேள்வியைத் தன்னையே கேட்டுக்கொள்ளாமல் ஒரு குடும்பம் பிறரிடம் நிபந்தனைகளை நீட்டுவது முறையன்று.

குழந்தை இதை உடனே கற்றுக்கொள்கிறது என்பதே இதில் உள்ள அபாயம். தினமும் தன்னை மடியில் கிடத்தி உறங்க வைப்பவருக்கு வீட்டில் தனிக் குவளை வைத்திருப்பதை அது பார்க்கிறது. புலால் தீது என்பதை அது அறிவதற்கு முன், மனிதரில் சிலர் தீட்டு என்பதை அறிந்துவிடுகிறது. உடலில் நுழையாத இறைச்சியைவிட, உள்ளத்தில் நுழைந்த அந்த எண்ணம் கொடிய உணவன்றோ?

ஐந்து வயதுச் சிறுவனின் தட்டு

அப்படியானால் பெற்றோருக்குத் தம் கொள்கையை வற்புறுத்த உரிமையே இல்லையா? உண்டு. அதை விளக்கும் ஒரு நிகழ்ச்சியை மகாத்மா காந்தி தம் சுயசரிதையில் பதிவு செய்திருக்கிறார்.

1890-களில் தென்னாப்பிரிக்காவில் அவர் வழக்கறிஞராக இருந்தபோது, ஒரு கிறிஸ்தவக் குடும்பத்துடன் நட்புக் கொண்டு அவர்கள் இல்லத்தில் உணவருந்தி வந்தார். ஒருநாள், தம் தட்டில் இருந்த ஆப்பிளின் சிறப்பைப் பேசி, அவ்வீட்டின் ஐந்து வயதுச் சிறுவனின் தட்டில் இருந்த இறைச்சியைத் தாழ்த்திக் கூறினார். சிறுவன் அதில் ஈடுபட்டுவிட்டான். அதன்பின் இறைச்சி உண்ணத் தயங்கிப் பழம் கேட்கலானான். இறைச்சியை விட்டால் மகன் மெலிந்துவிடுவானே என்று தாய் கலங்கினாள். அடுத்த முறை காந்தி வந்தபோது தன் வருத்தத்தை ஒளிக்காமல் சொன்னாள்.

காந்தி வாதிடவில்லை. பெற்றோரின் மனம் தமக்கும் தெரியும் என்றார். தாம் பேசாமல் இருந்தாலும், தாம் எதை உண்கிறோம், எதை விலக்குகிறோம் என்பதே குழந்தையின் மனத்தில் பதியும். ஆகையால் தாம் இனி அங்கு உணவருந்த வராமல் இருப்பதே நல்லது, நட்பு அதனால் குறைய வேண்டியதில்லை என்று கூறி விலகிக்கொண்டார். அவள் நன்றியுடன் ஏற்றுக்கொண்டாள்.

இங்கே நிலை தலைகீழாக இருப்பதைக் காணலாம். அயலார் புலால் மறுத்தவர். குடும்பம் புலால் உண்பது. தம் கொள்கையே உயர்ந்தது என்று காந்தி உறுதியாக நம்பினார். ஆயினும் பிறர் குழந்தையின் தட்டில் தம் கொள்கையைப் பரிமாறும் உரிமை தமக்கில்லை என்பதை ஒப்புக்கொண்டார். அதே நியாயம் மறுபக்கத்துக்கும் பொருந்தும். “பாவம், பிள்ளை மெலிந்திருக்கிறான், ஒரு முட்டை கொடுத்தால் என்ன?” என்று அன்பினாலேயே நினைக்கும் பராமரிப்பாளர்கள் உண்டு. அந்த அன்பு மெய்யானதே. ஆனால் பெற்றோர் அறியாமல் ஊட்டும் உரிமையை அது தருவதில்லை. ஒப்படைக்கப்பட்ட பொருளைக் கொடுத்தவர் கருத்துப்படி காப்பதே அடைக்கல தர்மம். குழந்தையைவிடப் பெரிய அடைக்கலப் பொருள் ஏது?

கேட்பவரின் கடமை

உரிமை இருக்கும் இடத்தில் கடமையும் இருக்கிறது. பெற்றோர் செய்ய வேண்டியவை சில உண்டு.

முதலாவது, தெளிவாகக் கேட்டல். ‘எங்கள் பிள்ளை சைவம்’ என்று மட்டும் சொன்னால் போதாது. ஒருவருக்கு முட்டை சைவம், மற்றொருவருக்கு அன்று. அடுமனையில் உறையின்றி விற்கும் கேக்கில் முட்டை இருக்கலாம் என்பதும், சில மிட்டாய்களில் விலங்கின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுக்கும் ஜெலட்டின் சேர்வதுண்டு என்பதும் எல்லோர் நினைவிலும் இருப்பதில்லை. எதைத் தரலாம், எதைத் தரவேண்டாம், பிறந்தநாள் கொண்டாட்டம் வந்தால் என்ன செய்வது என்பவற்றைப் பராமரிப்பவரின் மொழியிலேயே எழுதிக் கொடுப்பது நலம். காரணத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். காரணம் அறிந்தவர் கட்டளைக்காகக் கீழ்ப்படிவதில்லை. நோன்பில் பங்கு கொள்கிறார்.

இரண்டாவது, தாம் கேட்பதைத் தாமே கடைப்பிடித்தல். வாரம் முழுதும் பிஸ்கட் தரக்கூடாது என்று சொல்லிவிட்டு, ஞாயிறன்று அழுகையை நிறுத்த இனிப்பைக் கையில் திணிக்கும் வீட்டின் சொல்லுக்கு வலிமை இராது.

மூன்றாவது, புலாலை விலக்கிய உணவு நிறைவானதாக இருக்கச் செய்தல். வெறும் சோறும் உருளைக்கிழங்கும் அனுப்பிவிட்டுக் கொள்கையைக் காத்துவிட்டோம் என்று எண்ணலாகாது. பருப்பு வகைகள், கீரை, மராட்டியர் நாச்ணி என்று வழங்கும் கேழ்வரகு, பால், தயிர் ஆகியவை நாள்தோறும் முறையாக இடம்பெற வேண்டும். நூறு கிராம் கேழ்வரகில் முந்நூறு மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. கீரையோடும் பருப்போடும் சிறிது எலுமிச்சைச் சாறு சேர்த்தால் அவற்றின் இரும்புச் சத்து உடலில் நன்கு சேரும். பி12 என்னும் உயிர்ச்சத்து தாவர உணவில் கிடைப்பது அரிது. எனவே அதுபற்றிக் குழந்தை மருத்துவரைக் கலந்துகொள்ள வேண்டும். தன் குழந்தையின் உடலை வாடவிட்டு நோற்கும் அஹிம்சை முழுமையானது அன்று.

நான்காவது, ஊட்டுபவரை மதித்தல். அவருக்கு உரிய ஊதியத்தைக் காலத்தில் கொடுப்பதும், அவர் வீட்டு அடுப்பைத் தன் ஆட்சிக்கு உட்படுத்த முனையாததும் இதில் அடங்கும். “என் குழந்தைக்கு இதை ஊட்டாதீர்கள்” என்பது நியாயமான வேண்டுகோள். “நீங்களும் உங்கள் வீட்டில் இதை உண்ணாதீர்கள்” என்பது எல்லை கடந்த ஆணை.

ஐம்பது அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனங்கள் குழந்தைகள் காப்பகம் அமைத்துத் தர வேண்டும் என்றும், தாய் நாளில் நான்கு முறை அங்கு சென்று வரலாம் என்றும் 2017-இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம் வகுத்தது. இது பெரும் உதவியே. ஆனால் சட்டத்தால் ஓர் இடத்தை அமைத்துத் தர இயலும். நம்பிக்கையைப் பெற்றோரும் பராமரிப்பவரும் சேர்ந்தே அமைக்க வேண்டும்.

தவறு நேர்ந்த மாலை

புனேக் குடும்பம் நெடிய யோசனைக்குப் பின் பாளணாகரையே தேர்ந்தது. பாட்டி அரை மனத்துடன் ஊர் திரும்பினார். நான்கு மாதங்கள் குறையின்றிச் சென்றன.

ஒருநாள் வேறொரு குழந்தைக்குப் பிறந்தநாள். அதன் வீட்டார் அடுமனைக் கேக் ஒன்றைக் கொண்டுவந்து தந்தனர். மாவ்ஷி வாசலில் பேசிக்கொண்டிருந்த சிறிது நேரத்தில், உதவிக்கு இருந்த பெண் எல்லோருக்கும் ஒரு துண்டு கொடுத்துவிட்டாள். மாவ்ஷி திரும்பி வந்தபோது, சிறுவனின் உதட்டில் துணுக்குகள் ஒட்டியிருந்தன.

அன்று மாலை தாய் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே அவர் சொல்லிவிட்டார். “உங்கள் பிள்ளை இன்று முட்டை சேர்ந்த கேக் தின்றுவிட்டான். பார்த்துக்கொள்ள வேண்டியவள் நான். தவறு என்னுடையது.” அவர் கண்கள் கலங்கியிருந்தன.

தாயின் நெஞ்சில் சுருக்கென்றது. தலைமுறைகளாகக் காத்து வந்தது ஒரு நொடியில் கலைந்துபோனது போல் இருந்தது. இனி இங்கே அனுப்பலாமா என்ற ஐயமும் எழுந்தது. இரவு ஊருக்குத் தொலைபேசியில் சொன்னாள். மறுமுனையில் பாட்டி நெடுநேரம் மௌனமாக இருந்தார். பின்பு கேட்டார்: “இதை உனக்கு யார் சொன்னது?”

“அவரேதான் சொன்னார்.”

“அப்படியானால் நாளையும் அங்கேயே அனுப்பு.”

மாலையணிந்த அம்முதியவருக்கு முட்டை அற்பமாகிவிடவில்லை. ஆனால் அறியாமல் நேர்ந்ததையும் அறிந்தே செய்வதையும் அவர் பிரித்துணர்ந்தார். மறைத்திருந்தால் எவருக்கும் தெரிந்திராத ஒன்றை, வேலையை இழக்கவும் துணிந்து ஒருவர் சொல்கிறார் என்றால், அவர் வாய்மையில் நிலைத்தவர். ஆசிரயத் தூய்மை என்பது இதுவன்றி வேறென்ன? தவறே நேராத இடம் உலகில் இல்லை. நேர்ந்த தவறு மறைக்கப்படாத இடமே நம்பத்தக்க இடம். தவறை மறைப்பவரிடமிருந்தும், குடும்பத்தின் கொள்கையைக் கேலி செய்து வேண்டுமென்றே மீறுபவரிடமிருந்தும் குழந்தையை விலக்கிக்கொள்வதே சரி. அங்கே பொறுமை காட்டுவது தர்மமாகாது.

அதன்பின் ஒரு சிறு ஏற்பாடு செய்துகொண்டார்கள். பிறந்தநாள் வருமுன் மாவ்ஷி தெரிவிப்பார்; தாய் வீட்டில் செய்த எள்ளுருண்டையை எல்லாக் குழந்தைகளுக்குமாகச் சேர்த்து அனுப்புவாள். தன் பிள்ளை மட்டும் கைகட்டி நிற்கவும் வேண்டாம், விரதம் கலையவும் வேண்டாம். கொள்கை என்பது குழந்தையைப் பிறரிடமிருந்து பிரிக்கும் சுவராக இராமல், பிறருக்கும் பகிர்ந்தளிக்கும் பண்டமாக ஆயிற்று.

ஆஷாட ஏகாதசியை முன்னிட்டு ஆளந்தியிலிருந்தும் தேஹுவிலிருந்தும் பண்டரிபுரம் செல்லும் பல்லக்குகள் புனே நகரில் தங்கிச் செல்லும். அந்த யாத்திரையில் நடப்பவர்கள் குலமும் செல்வமும் பாராமல் ஒருவர் காலில் ஒருவர் விழுந்து வணங்குவார்கள். ஒருவரையொருவர் ‘மாவுலி’ என்று அழைப்பார்கள். தாய் என்பது அதன் பொருள். அக்குடும்பத்தின் புலால் மறுப்பும், எதிர்வரும் எல்லோரையும் தாயாகக் காணும் அந்தப் பார்வையும் ஒரே மாலையின் இரண்டு மணிகள். ஒன்றை உருட்டி மற்றொன்றை விட்டுவிட முடியாது.

குழந்தை வளர்ந்து பெரியவனாகும்போது, தான் எதை உண்ண வேண்டும் என்பதைத் தானே தீர்மானிப்பான். அன்று அவன் நினைவில் நிற்பது எந்த உணவு விலக்கப்பட்டது என்பது மட்டுமன்று. அதை விலக்கிய பெற்றோர், தனக்கு ஊட்டிய கையை எவ்வாறு நடத்தினார்கள் என்பதும் சேர்ந்தே நிற்கும். தட்டைத் தூய்மையாகக் காப்போம். அத்தட்டை ஏந்தி வரும் கையையும் வணங்கக் கற்போம்.